வந்து சேராத சரக்கு

கடந்த மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலையில், சீட்டுக்குக் கட்ட வேண்டிய ஐயாயிரம் ரூபாயைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கல்மண்டபத்திலிருந்து பழைய வண்ணாரப்பேட்டைக்கு நடந்தேன். சீட்டுப் பிடிக்கும் அம்மாவின் வீட்டுக்கு முந்தைய தெருவில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. வழக்கமாக மணமக்கள் படம் போட்ட பேனர் நிற்கும் அதன் வாசலில் அன்று, பழைய நாணயம், பணத்தாள், தபால்தலை ஆகியவற்றின் கண்காட்சியும் விற்பனையும் நடப்பதாக ஒரு துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். வெயிலுக்குப் பத்து நிமிடம் ஒதுங்கிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உள்ளே நுழைந்தேன். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது, பையில் எண்ணூறு ரூபாயும், வெள்ளை அட்டைச் சட்டத்துக்குள் வைத்த ஒரு செம்புக் காசும் இருந்தன. சீட்டுப் பணத்தை மறுநாள் தருகிறேன் என்று அந்த அம்மாவிடம் சொல்ல நேர்ந்தது பதினெட்டு ஆண்டுகளில் அதுவே முதல் முறை.

யோசிக்காமல் வாங்கிவிட்டேன் என்றுதான் வீட்டில் சொன்னேன். அதற்குப் பிறகு நிதானமாக நினைத்துப் பார்த்தபோது, அந்தக் காசை வாங்குவதற்கான காரணம் முப்பத்தொரு ஆண்டுகளாக என்னிடம் சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது என்று தோன்றியது.

நான் வேலை பார்ப்பது கடற்கரை இரண்டாம் வரிசையில், நாங்கள் செகண்ட் லைன் பீச் என்று சொல்லும் தெருவில், ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில். கப்பல் கொடுக்கும் சரக்குப் பட்டியலான மேனிபெஸ்ட்டையும், துறைமுகத்தில் உண்மையில் இறங்கிய சரக்கின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பதுதான் என் வேலையின் பெரும்பகுதி. மேனிபெஸ்ட்டில் நாற்பது பெட்டி என்று இருக்கும். இறங்கியது முப்பத்தொன்பதாக இருக்கும். இறங்காமல் போன அந்த ஒரு பெட்டிக்கு எங்கள் தொழிலில் ‘ஷார்ட் லேண்டிங்’ என்று பெயர். அந்தப் பெட்டி ஏற்றப்படவே இல்லையா, வழியில் வேறு துறைமுகத்தில் தவறி இறங்கியதா, கடலில் போனதா என்று கப்பல் கம்பெனிக்கும் காப்பீட்டுக்காரர்களுக்கும் மாற்றி மாற்றிக் கடிதம் எழுதி, பல வேளைகளில் விடை கிடைக்காமலேயே கோப்பை மூடியிருக்கிறேன். என் அப்பா இதே துறைமுகத்தில் சுமை தூக்கியவர். அவர் இறக்கியதை நான் எண்ணினேன் என்று சொல்லும்படி, அவர் ஓய்வு பெறுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் நாங்கள் இருவரும் ஒரே வாயில் வழியாக வேலைக்குப் போயிருக்கிறோம்.

நாணயம் என்ற பெயரில் என்னிடம் இருந்தது அவர் விட்டுச் சென்ற ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் மட்டுமே. அதில் 1943க்கும் 1947க்கும் இடையில் அடிக்கப்பட்ட ஓட்டைக் காலணாக்கள் பதினேழு, ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை போட்ட அணாக்கள் சில, ஓரம் வளைந்த பழைய பத்துப் பைசாக்கள் பல இருக்கின்றன. ஓட்டைக் காலணாவின் நடுவில் துளை போட்டதற்குக் காரணம் உலகப் போர்க் காலத்தில் செம்பை மிச்சப்படுத்துவதுதான் என்று அப்பா சொல்லித்தான் தெரியும். செம்பு என்ற உலோகத்தின் மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

மண்டபத்துக்குள் சாப்பாட்டு மேசைகளையே வரிசையாகப் போட்டு, மேலே நீலத் துணி விரித்து, நாற்பது பேர் போலக் கடை வைத்திருந்தார்கள். வாசலுக்கு அருகே இருந்த மேசைகளில் கூட்டம் அதிகம். நினைவு ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நாணயங்களை எடைக்குப் போடுவதுபோல் தட்டில் குவித்து வைத்திருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஆல்பத்தில் எந்த ஆண்டு விடுபட்டிருக்கிறது என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டே துழாவிக்கொண்டிருந்தார்கள். அதற்கு அடுத்த மேசையில் நடுத்தர வயதுக்காரர் ஒருவர், ராமர் பட்டாபிஷேகம் பொறித்த 1818ஆம் ஆண்டுக் கம்பெனிக் காசு ஒன்றைக் காட்டி, அதற்குப் பல லட்சம் கிடைக்கும் என்று ஊரில் சொன்னார்களே என்று கேட்டுக்கொண்டிருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை என்றும், அது கோயில் வாசலில் விற்ற வெறும் வில்லை என்றும் கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார். கேட்டவரின் முகம் வாடியதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் கலசம் என்று சொல்லி நம் ஊரில் எத்தனை குடும்பங்களின் சேமிப்பைச் சுருட்டியிருக்கிறார்கள். உண்மையான பழங்காசுகளை எல்லோரும் கையில் எடுத்துப் பார்க்க இப்படிப்பட்ட கண்காட்சிகள் நடப்பது நல்லது என்று நான் நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

என் மேசை, அதை இப்போது அப்படித்தான் சொல்லத் தோன்றுகிறது, கைகழுவும் இடத்துக்குப் போகும் கதவை ஒட்டி இருந்தது. வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த வயதான வியாபாரி ஒருவர் மதராஸ் மாகாணத்துக் காசுகளை மட்டும் வைத்திருந்தார். சோழர் காசுகளும் நாயக்கர் காசுகளும் இருந்த மேசைகளில் மொய்த்த கூட்டம் அங்கே இல்லை. கோபுரமும் அதைச் சுற்றி நட்சத்திரங்களும் பொறித்த கால் வராகன் வெள்ளிக் காசு ஒன்றை முதலில் காட்டினார். தமிழும் தெலுங்கும் பொறித்த அழகான காசு. அதன் விலை என் கைக்கு எட்டாதது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நகரப் பார்த்தபோது, பக்கத்தில் இருந்த சிறிய அட்டைப் பெட்டியிலிருந்து இதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“இதையும் பாருங்க சார். மெட்ராசுக்குன்னு அடிச்சு, மெட்ராசுக்கு வராமலே போன காசு.”

இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் நான் 4,200 ரூபாய் கொடுத்தேன் என்று சொல்லலாம். வராமலே போன என்ற சொல் காதில் விழுந்ததும், நான் மூடிய அத்தனை கோப்புகளும் ஒரு நொடி நினைவில் வந்து போயின. அவர் ஐயாயிரம் சொன்னார். அதற்கு மேல் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. சீட்டுப் பணத்தில் கொஞ்சமாவது மிஞ்ச வேண்டுமே என்று எண்ணூறு ரூபாய் மட்டும் குறைக்கச் சொன்னேன். எடை போட்டுப் பார்க்கவில்லை, காந்தம் வைத்துப் பார்க்கவில்லை, வேறு கடையில் விலை விசாரிக்கவில்லை. காசு வாங்குகிறவர்கள் செய்யவே கூடாது என்று சொல்லும் அத்தனையையும் ஐந்து நிமிடத்தில் செய்தேன்.

காசு எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். இன்றைய பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே அகலம். குறுக்கே மூன்று சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். ஒரு பக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம்: நடுவில் கேடயம், இரண்டு பக்கமும் அதைத் தாங்கி நிற்கும் சிங்கங்கள், அவற்றின் பிடியில் கொடிகள். கீழே நாடாவில் லத்தீன் வாசகம் ஒன்று ஓடுகிறது. இங்கிலாந்து மன்னரின், நாடாளுமன்றத்தின் ஆதரவில் என்பது அதன் பொருள். சுற்றிலும் ஈஸ்ட் இந்தியா கம்பெனி என்ற ஆங்கிலப் பெயர். அடியில் 1808. மறுபக்கத்தில் பாரசீக எழுத்து: “பீஸ்த் காஸ் சஹார் ஃபலூஸ் அஸ்த்”. இருபது காசு நான்கு ஃபலூஸ் என்று அர்த்தம். ஃபலூஸ் என்பதும் ஒரு செம்புக் காசின் பெயர்தான். அதற்குக் கீழே ரோமன் எண்ணில் இருபது, அதையடுத்து ஆங்கில எழுத்தில் காஷ்.

அந்தச் சொல்லை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காஸ் என்று பாரசீக எழுத்திலும், காஷ் என்று ஆங்கில எழுத்திலும் இருப்பது நம்முடைய காசுதான். போர்ச்சுகீசியர்கள் நம் கரையில் கேட்டு எடுத்துக்கொண்ட அந்தச் சொல் அவர்கள் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், இந்தப் பகுதியில் புழங்கிய சிறு செம்புக் காசுகளின் பெயராக ஆனது. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் இன்றைய ஆங்கிலச் சொல்லும் தமிழிலிருந்து போனதுதான் என்று பலர் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல, அந்தச் சொல்லுக்குப் பெட்டி என்று பொருள்படும் ஐரோப்பிய மூலம் தனியாக இருக்கிறது. ஆனால் இந்தச் செம்பின் மேல் இருக்கும் சொல் சந்தேகத்துக்கு இடமின்றி நம்முடையது. தமிழ் பேசும் ஊரில் புழங்குவதற்காக அடித்த காசில், தமிழ்ச் சொல்லை இரண்டு அயல் எழுத்துகளில் பொறித்துவிட்டு, தமிழ் எழுத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். இங்கேயே அடித்த கால் வராகனில் தமிழ் இருக்கிறது. இங்கிலாந்தில் அடித்த இதில் இல்லை.

இதை அடித்த இடம் பர்மிங்காம் அருகே சோஹோ என்ற ஊரில் மாத்யூ போல்டன் நடத்திய நாணயச் சாலை. ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளியான அதே போல்டன்தான். நீராவியால் இயங்கும் அச்சு இயந்திரங்களைக் கொண்டு, ஒன்றுபோல் ஒன்று, வட்டம் பிசகாமல் காசு அடிக்கும் கலையை அவர் அங்கே முழுமையாக்கியிருந்தார். 1803இல் மதராஸுக்கென்று ஒரு காசு, ஐந்து காசு, பத்து காசு, இருபது காசு என நான்கு வகைகளை அடித்து அனுப்பினார்கள். 1808இல் பத்தும் இருபதும் மறுபடி அடித்தார்கள். புனித ஜார்ஜ் கோட்டையிலேயே கம்பெனிக்கு நாணயச் சாலை இருந்தும், சில்லறைக் காசுகளை ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கப்பலில் கொண்டுவரும் அளவுக்கு அந்த இயந்திரத்தின் வேகமும் திருத்தமும் அவர்களுக்குத் தேவைப்பட்டன. நாம் மின்ட் என்று பஸ் ஏறும் தங்கசாலைக்கு நாணயச் சாலை வந்தது இதற்கெல்லாம் பல ஆண்டுகள் கழித்து, 1840களில்தான். அதுவும் 1869இல் மூடப்பட்டது. இன்று அங்கே அரசு அச்சகம் இருக்கிறது.

1808இல் அடித்த அந்தக் காசுகளில் ஏறத்தாழ 48 டன்னை மரப் பீப்பாய்களில் அடைத்து, அட்மிரல் கார்ட்னர் என்ற கம்பெனிக் கப்பலில் ஏற்றினார்கள். மதராஸுக்கும் வங்காளத்துக்கும் புறப்பட்ட கப்பல் அது. நங்கூரங்கள், சங்கிலிகள், பீரங்கிக் குண்டுகள், இரும்புக் கம்பிகள் என்று மற்ற சரக்கும் இருந்தது. தொழில் பழக்கத்தில் நான் அந்த மேனிபெஸ்ட்டைக் கற்பனை செய்து பார்க்கிறேன். எல்லாமே அடியில் கிடக்கும் கனமான சரக்கு. 1809 ஜனவரி 25ஆம் தேதி, இங்கிலாந்தின் கென்ட் கரையைக்கூட முழுதாகத் தாண்டாத நிலையில், கடும் புயலில் குட்வின் மணல்திட்டில் மோதிக் கப்பல் சிதைந்தது. பிரிட்டானியா என்ற இன்னொரு கம்பெனிக் கப்பலும் அதே புயலில் அதே திட்டில் அழிந்தது. சுமார் பத்து மைல் நீளமுள்ள அந்தத் திட்டு, நீர் வற்றும்போது தலைகாட்டி, நீர் ஏறும்போது மறைவது. விழுந்ததை மணலால் மூடி, பல பத்தாண்டுகள் கழித்துத் தானே திறந்து காட்டுவது. அந்தக் காசுகளை அடித்த போல்டனும் அதே 1809இல் இறந்துபோனார்.

கப்பல் ஒழுங்காக வந்திருந்தால் இந்தக் காசு எப்படி இறங்கியிருக்கும் என்பதை நான் பலமுறை நினைத்துப் பார்த்துவிட்டேன். அப்போது மதராஸுக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டு நிற்க, ஆணியே இல்லாமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகள் அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கை வாங்கி வர வேண்டும். ஆணி அடித்த படகு அந்த அலையில் உடைந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். கரை தொட்டதும் பீப்பாய்களை ஆட்கள் சுமந்து இறக்கியிருப்பார்கள். நான் வேலை பார்க்கும் தெருவுக்கு முன்னால் இருக்கும் ராஜாஜி சாலைதான், முதல் வரிசைக் கடற்கரை என்ற பெயரோடு, கடலைப் பார்த்து இருந்த தெரு. துறைமுகம் கட்டத் தொடங்கியது 1870களில். 1881 நவம்பர்ப் புயல் கட்டியதில் பெரும் பகுதியைச் சிதைத்து, மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. அந்தப் படகுகளில் துடுப்புப் போட்டவர்களின் சந்ததியினர் இன்றும் ராயபுரத்திலும் காசிமேட்டிலும் வாழ்கிறார்கள். என் மனைவியின் குடும்பமும் காசிமேட்டுக் கடல் குடும்பம்தான்.

மணலில் தோண்டியபோது காசுகள் தட்டுப்பட்டு, 1984, 1985 ஆண்டுகளில் மூழ்காளர்கள் இறங்கிச் சுமார் பத்து லட்சம் காசுகளை மேலே கொண்டுவந்தார்கள். அவை ஏலத்துக்குப் போய், வியாபாரிகள் கைமாறி, உலகம் முழுவதும் பரவின. ஆகவே அரிய காசு என்று அட்டைச் சட்டத்தின் மேல் எழுதியிருந்ததை நான் அப்படியே ஏற்கவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பத்து லட்சம் இருக்கும் ஒன்று எண்ணிக்கையில் அரியது ஆகாது. கால் வராகனோடு ஒப்பிட்டால் இது எளிய காசு. நான் கொடுத்த விலை கொஞ்சம் கூடுதல் என்று இப்போது தெரியும். வியாபாரி மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. அவர் சொன்ன கதை உண்மை.

ஆனால் 1808 என்று போட்ட காசு எல்லாமே அந்தக் கப்பலில் இருந்ததாகச் சொல்ல முடியுமா? இது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. என் தொழிலில் இது முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். வேறு கப்பலில் ஒழுங்காக வந்து, இங்கேயே சந்தையில் புழங்கிய காசாகவும் இருக்கலாம் அல்லவா? மறுநாள் மதிய உணவு நேரத்தில் தெரிந்த நகைக்கடையில் தராசில் வைத்தேன்: 9.08 கிராம். அடிக்கும்போது சுமார் 9.3 கிராம் இருந்திருக்கும். பூதக்கண்ணாடியை வாங்கி ஒவ்வோர் இடமாகப் பார்த்தேன். பலர் கையில் புழங்கிய காசில் முதலில் தேய்வது உயர்ந்து நிற்கும் பகுதிகள். சிங்கத்தின் பிடரி, கேடயத்தின் விளிம்பு, எழுத்துகளின் மேல்முனை எல்லாம் வழவழவென்று மழுங்கியிருக்க வேண்டும். இதில் பிடரி மயிர்க் கோடுகள் தனித்தனியாக, நேற்று செதுக்கியதுபோல் நிற்கின்றன. அதே நேரம் காசின் தட்டையான பரப்பு முழுவதும் குண்டூசி முனையளவு குழிகள், ஆப்பத்தின் நடுப்பகுதியைப் போல. கை தேய்த்த தேய்மானம் கொஞ்சமும் இல்லை, உப்பு தின்ற அரிப்பு நிறைய இருக்கிறது. புழங்கிய காசு இப்படி இருக்காது. நகைக்கடையில் இருந்த பெரியவரும் என்னிடமிருந்து வாங்கிப் பார்த்துவிட்டு, இது யாரும் செலவழிக்காத காசு என்று சொன்னார். அவருக்கு நான் கப்பலைப் பற்றி அதுவரை ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. காசை வாங்கி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இதுல என்னடா வாங்க முடியும்?” என்று கேட்டாள். அந்தக் காலத்தில் என்ன வாங்கியிருக்கலாம் என்பதுதான் கேள்வி. பொருளின் விலை என்னிடம் இல்லை; நாணயக் கணக்கு இருக்கிறது. எண்பது காசு ஒரு பணம். நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன். ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய். ஆகவே இருபது காசு என்பது கால் பணம். இதுபோல் நாற்பத்தெட்டு சேர்ந்தால் ஒரு ரூபாய். இந்தச் சிக்கலான கணக்கை 1818இல்தான் மதராஸில் கைவிட்டு, ரூபாயை அடிப்படையாக ஆக்கினார்கள். நான் தாளில் போட்டுக் காட்டியபோது, கணக்கை அம்மா என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டாள். படி, ஆழாக்கு, வீசை, பலம் என்று வளர்ந்தவளுக்கு எண்பதும் நாற்பத்திரண்டும் ஒரு பொருட்டே இல்லை. பிறகு, “கருத்துக் கெடக்குதே, புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடும்” என்று எழுந்துவிட்டாள்.

அப்போது நான் போட்ட சத்தத்துக்கு அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனால் இதைப் படிப்பவர்கள் வீட்டில் பழங்காசு இருந்தால் தயவுசெய்து கவனியுங்கள். குத்துவிளக்குக்கும் செம்புக் குடத்துக்கும் புளி நல்லது. காசுக்கு அது எமன். புளியின் அமிலம் கருமையை மட்டும் எடுப்பதில்லை, அதற்குக் கீழே இருக்கும் செம்பின் மேல்தோலையும் சேர்த்து எடுத்துவிடும். இருநூறு ஆண்டுகளில் படிந்த அந்தப் பழுப்பு நிறம்தான் காசுக்குக் கவசம். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசை, விஷயம் தெரிந்த எந்தச் சேகரிப்பாளரும் பாதி விலைக்குக்கூடத் தொடமாட்டார். எலுமிச்சை, விபூதி, பற்பசை எல்லாவற்றுக்கும் இதுவே பொருந்தும்.

மைத்துனன் வெள்ளிக்கிழமை கடலிலிருந்து கரைக்கு வந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்தான். விசைப்படகில் ஒரு வாரம் தங்கு கடலுக்குப் போய்வந்த களைப்பு. காசை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடலடியில் எங்கே வலை மாட்டும், எங்கே பழைய கப்பல் கிடக்கிறது, அதைச் சுற்றி என்ன மீன் அடையும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். வலையில் வந்த செம்புக் கம்பி, பித்தளைக் குழாய் எல்லாம் இதே போல்தான் குழி விழுந்து இருக்கும் என்றான். பிறகு காசின் ஓரத்தில், தேதியை ஒட்டி ஓரிடத்தை நகத்தால் தொடாமல் சுட்டிக்காட்டி, “மாமா, இது இன்னும் உப்பு கக்குது” என்றான்.

பூதக்கண்ணாடியில் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. 1808இன் கடைசி எட்டுக்குக் கீழே, கடுகில் பாதி அளவு வெளிர்பச்சைப் பொடி. அது களிம்பு. எல்லாப் பச்சையும் ஒன்றல்ல. கெட்டியாக, வழவழப்பாகப் படிந்த பச்சை காசுக்குக் கேடு செய்யாது. பொடியாக, தொட்டால் உதிரும் வெளிர்பச்சை வேறு. கடல்நீரில் கிடந்த செம்புக்குள் குளோரைடு உப்பு தங்கிவிடும்; வெளியே எடுத்த பிறகு காற்றின் ஈரம் பட்டதும் அது மறுபடி வேலையைத் தொடங்கிச் செம்பைத் தின்னும். ஒரு முறை தொடங்கினால் தானாக நிற்பதில்லை. நம் வடசென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? ஜன்னல் கம்பியே இரண்டு வருடத்தில் பொரிந்துபோகும் தெருவில்தான் நான் இதைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். யாரிடம் கொடுத்தாவது இதை வேறு ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது என்று அவருக்கு விளக்கினேன்: நூறு ஆண்டுக்குக் குறையாத நாணயம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள், தனியார் யாரும் அதை ஏற்றுமதி செய்யக் கூடாது. இங்கிலாந்தில் பிறந்த காசுதான். ஆனாலும் இனி அது சட்டப்படி நம் கரையை விட்டுப் போக முடியாது. எனக்கு அது மிகுந்த நிம்மதியாக இருந்தது.

பழங்காசுகளைப் பற்றித் தெரிந்தவர்களிடம் கேட்டு, இப்போது ஒரு முறையைத் தொடங்கியிருக்கிறேன். வீரியமான ரசாயனம் எதுவும் இல்லை. பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி, காசை அதில் மூழ்க வைத்து, மூடி போட்டு, இரண்டு நாளுக்கு ஒரு முறை நீரை மாற்ற வேண்டும். உள்ளே இருக்கும் உப்பு மெதுவாக நீருக்கு வந்துவிடும். வாரக் கணக்கில், தேவைப்பட்டால் மாதக் கணக்கில் செய்ய வேண்டிய வேலை. அதன் பிறகு நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். பழைய பிவிசி உறைகளில் வைக்கவே கூடாது, அந்த பிளாஸ்டிக்கே பச்சையைக் கிளப்பும்.

உப்பு வருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆர்ஓ இயந்திரம் பழுதுபார்க்க வந்த பையனிடம், நீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை இரவல் வாங்கினேன். புது நீரில் வைத்தால் ஒன்று அல்லது இரண்டு காட்டும். முதல் இரண்டு நாள் கழித்து, காசு கிடந்த நீரில் வைத்தபோது பதினொன்று காட்டியது. அடுத்த முறை ஒன்பது. அதற்கடுத்து ஒன்பது. நேற்று ஏழு. அம்மா தினமும் காலையில் டம்ளரை எட்டிப் பார்த்து, “இன்னுமா?” என்று கேட்கிறாள். மீட்டரைப் பையன் திரும்பக் கேட்கவில்லை. அவனுக்கும் எண் எங்கே வந்து நிற்கிறது என்று தெரிய வேண்டுமாம். சீட்டுப் பணம் மறுநாளே கட்டியாயிற்று. நாளை மாலை மறுபடி தண்ணீர் மாற்ற வேண்டும்.